ரூம்மேட் வாடகை கட்டலைன்னா நான் ஏன் கட்டணும்? பெங்களூர்ல சேர்ந்து வீடு எடுத்த பசங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல், மே வந்தா போதும், செமஸ்டர் முடிஞ்சு வீடு காலி பண்ற சீசன், என் போன்ல ஒரே கதை வேற வேற குரல்ல வரும். "அண்ணா, நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தோம், ஒருத்தன் சொல்லாம கொள்ளாம ஊருக்கு போயிட்டான், இப்ப ஓனர் அவன் பங்கையும் எங்க தலையில கட்டுறாரு, இது நியாயமா?" நியாயமான்னு கேட்டா ஒரு பதில் இருக்கு, சட்டமான்னு கேட்டா வேற பதில் இருக்கு. நான் ஒரு சிவில் வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்கேன், அதனால ரெண்டாவது பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கு, அது பெரும்பாலும் கேக்குறவங்களுக்கு பிடிக்கிறதில்ல. காலேஜ் படிக்கும்போது ஈஜிபுராவுல நானும் இதே குழியில விழுந்தவன்தான், அந்தக் கதையும் நடுவுல வரும். திரும்பத் திரும்ப வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை போனதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன்.

நான் என் பங்கை மாசாமாசம் கரெக்டா கட்டிட்டேன். மிச்சத்தை ஓனர் எப்படி என்கிட்ட கேக்கலாம்?

கேக்கலாம். உங்க பங்குன்னு ஒண்ணு உங்க நாலு பேருக்குள்ளதான் இருக்கு, ஓனர் கணக்குல அப்படி ஒண்ணு கிடையாது. அவருக்கு வீடு ஒண்ணு, வாடகை ஒண்ணு. 32,000 வாடகைன்னு நாலு பேரும் ஒரே அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டா, ஆளுக்கு 8,000 தர்றோம்னு நீங்க சொல்லல, நாங்க எல்லாரும் சேர்ந்து 32,000 தர்றோம்னு சொல்லியிருக்கீங்க. யார் எவ்வளவு போட்டு அந்த 32,000-ஐ சேர்க்குறீங்கன்றது அவர் கவலையில்ல.

இது ஓனர் இஷ்டத்துக்கு சொல்றதில்ல. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-வது பிரிவு. ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரு வாக்கு கொடுத்தா, அதுல யாரை வேணும்னாலும் பிடிச்சு முழுசையும் நிறைவேத்தச் சொல்லலாம். சட்டத்துலயே உதாரணம் போட்டிருக்காங்க: மூணு பேர் சேர்ந்து ஒருத்தருக்கு 3,000 ரூபா தர்றதா சொல்றாங்க, அந்த ஆளு மூணு பேர்ல எவரையும் பிடிச்சு 3,000-ஐயும் வாங்கிக்கலாம். ஆயிரம் ஆயிரமா மூணு பேர்கிட்டயும் போய் நிக்கணும்னு அவருக்கு தலையெழுத்து இல்ல.

ஆனா அதே பிரிவு அடுத்த வரியிலயே, முழுசா கட்டினவன் மத்தவங்ககிட்ட அவங்கவங்க பங்கை திருப்பி வாங்கிக்கலாம்னும் சொல்லுது. அதாவது சட்டம் உங்களை கைவிடல, முதல்ல நீ கட்டு, அப்புறம் உன் ஃப்ரெண்டை நீயே தேடிப் போன்னு சொல்லுது. தேடுற வேலை உங்க தலையில, ஓனர் தலையில இல்ல, அவ்வளவுதான்.

எங்க அக்ரிமென்ட்ல 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி'ன்னு எங்கயும் இல்ல. அப்போ நான் தப்பிச்சேனா?

இதை நெட்ல படிச்சுட்டு வர்றவங்க நிறைய. எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாவும் முழுசுக்கும் பொறுப்புன்னு அதுக்கு அர்த்தம், அந்த வார்த்தை இருந்தா சந்தேகமே இல்ல. இல்லாட்டியும் நம்ம ஊர்ல பெரிய வித்தியாசம் வராது, ஏன்னா 43-வது பிரிவு 'வேற மாதிரி வெளிப்படையா ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல'ன்னுதான் சொல்லுது. எதுவும் எழுதலைன்னா எல்லாரும் முழுசுக்கும் பொறுப்பு. தப்பிக்கணும்னா நேர் எதிரா எழுதியிருக்கணும், ஒவ்வொருத்தரும் அவங்க பங்குக்கு மட்டும்தான் பொறுப்பு, தொகை இவ்வளவுன்னு. பெங்களூர்ல அப்படி எழுதிக் கொடுக்குற ஓனரை நான் இன்னும் பாக்கல, ஆனா கேக்குறதுல தப்பில்ல. கிடைக்காட்டியும், ரூமுக்கு ஒரு தனி அக்ரிமென்ட் போட்டுத் தர்றீங்களான்னு கேட்டுப் பாருங்க, மேல் மாடியை ரூம் ரூமா விடுற வீடுகள்ல சில பேர் ஒத்துக்குறாங்க.

அக்ரிமென்ட்ல ஒருத்தன் பேர் மட்டும்தான் இருக்கு, மத்த மூணு பேர் சும்மா தங்கியிருக்கோம். யார் மாட்டுவாங்க?

கையெழுத்து போட்டவன்தான். ஓனருக்கும் உங்க மூணு பேருக்கும் நடுவுல பேப்பர் எதுவும் இல்ல, அவர் முதல்ல கேக்கப் போறது பேர் இருக்குறவனை. பாதி பேர் இதை சாமர்த்தியம்னு நினைக்கிறாங்க, ஆனா இந்த ஏற்பாட்டுல ரெண்டு பக்கமும் அடி இருக்கு. பேர் இருக்குறவனுக்கு முழு வாடகையும் தலையில. பேர் இல்லாதவங்களுக்கு, அட்வான்ஸ்ல 40,000 போட்டிருந்தாலும் அதுக்கு ஓனர்கிட்ட கேக்க முகாந்திரம் இல்ல, திரும்ப வர்ற பணம் முழுசும் அவன் அக்கவுன்ட்டுக்குத்தான் போகும். அவன் நல்லவனா இருந்தா சரி.

பேர் இருக்குற ஆள் நீங்கன்னா, மத்த மூணு பேரும் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாங்க, மாசம் எவ்வளவு தரணும்னு அன்னைக்கே வாட்ஸ்அப் குரூப்ல போட்டு மூணு பேரையும் 'ஓகே'ன்னாவது சொல்ல வையுங்க. வெறும் தம்ஸ் அப் இமோஜி வேண்டாம், வார்த்தையா.

பிஜி, கோ-லிவிங்லயும் இதேதானா?

இல்ல. அங்க பெட்டுக்கு இவ்வளவுன்னு ஆளுக்கு ஆள் தனித்தனியா பணம், தனித்தனியா ரசீது. பக்கத்து பெட்காரன் கட்டலைன்னா உங்களை யாரும் கேக்க முடியாது. பிஜி சாம்பாரை பத்தி என்ன வேணா சொல்லுங்க, இந்த ஒரு விஷயத்துல நிம்மதி. ஆனா சில கோ-லிவிங் ஆட்கள் ஃபிளாட் முழுசையும் மூணு பேர் பேர்ல ஒரே பேப்பரா போடுறாங்க, பேர்தான் கோ-லிவிங், விஷயம் பழைய கூட்டு வாடகைதான். வெளியில இருக்குற போர்டை பாக்காம பேப்பர்ல எத்தனை பேர் கையெழுத்துன்னு பாருங்க.

நாலு பேர்ல ஓனர் என்னை மட்டும் பிடிச்சு தொங்குறாரு, வக்கீல் நோட்டீஸும் எனக்கு மட்டும்தான் வந்துச்சு. இது எப்படி?

ஏன்னா உங்களுக்குத்தான் வேலை கிடைச்சிருச்சு, அல்லது நீங்கதான் இன்னும் பெங்களூர்ல இருக்கீங்க, அல்லது நீங்கதான் போன் எடுக்குறீங்க. பொறுப்பா இருக்குறவனைத்தான் எல்லாரும் துரத்துவாங்க. சிவில் நடைமுறைச் சட்டத்துலயும், ஒரே ஒப்பந்தத்துல கூட்டா தனித்தனியா பொறுப்பானவங்கள்ல எல்லாரையும் சேர்க்குறதோ சிலரை மட்டும் சேர்க்குறதோ கேஸ் போடுறவரோட விருப்பம்னு இருக்கு. அவர் தப்பு எதுவும் பண்ணல.

நோட்டீஸ் வந்தா பயந்து போனை ஆஃப் பண்ணாதீங்க. நோட்டீஸ்னா கேஸ் இல்ல, வக்கீல் எழுதின லெட்டர்தான். பதில் போடுங்க, எவ்வளவு கட்டியிருக்கோம், அட்வான்ஸ் எவ்வளவு அவர்கிட்ட இருக்கு, எந்த மாசத்தை ஒத்துக்குறோம், எதை ஒத்துக்கலைன்னு. அதோட ஒரு காப்பியை மத்த மூணு பேருக்கும் அனுப்பிடுங்க, பின்னாடி 'எனக்கு தெரியவே தெரியாது'ன்னு சொல்ல முடியாது.

நடுவுல ஒருத்தன் காலி பண்ணிட்டு போயிட்டான். போன மாசத்தோட அவன் கணக்கு முடிஞ்சதா?

இங்கதான் என் கதை. நாலு பேர், வாடகை 32,000, அட்வான்ஸ் 1,60,000, ஆளுக்கு 40,000 போட்டோம். 11 மாச அக்ரிமென்ட் மே கடைசியில முடியுது. ஜனவரி கடைசியில ஒருத்தன் பெட்டியை தூக்கிட்டு மடிவாளாவுல பஸ் ஏறிட்டான், வீட்டுல ஏதோ பிரச்சனை, பாவமாத்தான் இருந்துச்சு, நானே ஆட்டோ வரைக்கும் பெட்டியை தூக்கி வந்தேன். நாங்க மூணு பேரும் பெரிய புத்திசாலி மாதிரி பிப்ரவரியில இருந்து 24,000 அனுப்ப ஆரம்பிச்சோம், எங்க பங்கு எட்டு எட்டு எட்டு, சரியா போச்சு. ஓனர் ஒரு தடவை 'பாக்கி எல்லி?'ன்னு, அதாவது மிச்சம் எங்கன்னு கன்னடத்துல கேட்டாரு, 'அவன் கொடுப்பான் சார்'னோம், அப்புறம் அவரும் பேசல. பேசலைன்னா ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தமில்ல, அட்வான்ஸ் கையில இருக்குற தைரியம்னு அப்போ புரியல.

மே முடிஞ்சு சாவி கொடுக்குறப்போ கணக்கு வந்துச்சு. நாலு மாசம் 8,000 வீதம் பாக்கி 32,000, பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை 32,000, ரெண்டும் போக கையில 96,000. அந்த நேரம் பார்த்து போனவன் போன் பண்றான், '96,000-ஐ நாலா பிரிச்சா என் பங்கு 24,000, ஜிபே பண்ணிடுங்கடா'ன்னு. ஒரு நாள் ஃபுல்லா சண்டை.

இப்ப சட்டப்படி கணக்கு பார்ப்போம். வீட்டை விட்டு கிளம்பினதால கையெழுத்து அழியாது. அக்ரிமென்ட் முடியுற வரைக்கும், இல்ல முறைப்படி நோட்டீஸ் கொடுத்து முடிக்குற வரைக்கும், ஓனர் முன்னாடி நாலு பேரும் பொறுப்பு, உங்களுக்குள்ள வேற பேச்சு இல்லைன்னா சம பங்கு. அப்படின்னா போனவன் தலையில பாக்கி 32,000-மும் பெயின்டிங்ல கால் பங்கு 8,000-மும் சேர்த்து 40,000. அவன் போட்ட அட்வான்ஸும் 40,000. சரியா சுழி. மிச்ச 96,000 எங்க மூணு பேருக்கு ஆளுக்கு 32,000. நாங்க அன்னைக்கு இது தெரியாம அவனுக்கு 12,000 கொடுத்து சமாதானம் ஆனோம், இன்னும் எனக்கு வயிறு எரியும்.

ஒண்ணு கவனிங்க, அட்வான்ஸ் பெருசா இருந்ததால ஏதோ தப்பிச்சோம். அட்வான்ஸ் ரெண்டு மாசம் மட்டும் இருந்திருந்தா, 64,000-மும் போயிருக்கும், போனவன் பங்குக்கு அதுல 16,000 மட்டும் ஈடாகியிருக்கும், மீதி 24,000 எங்க மூணு பேர் பாக்கெட்ல இருந்து போயிருக்கும், அதை ஊருக்கு போனவன்கிட்ட வாங்குறது உங்க சாமர்த்தியம்.

போறவன் தனக்கு பதிலா ஒரு ஆளை விட்டுட்டு போறான். அப்போ?

ஓனர் ஒத்துக்கிட்டு, பேப்பர்ல பேர் மாத்தினா பழையவன் வெளிய, புதுசா வந்தவன் உள்ள. அது நடக்கலைன்னா பழையவன் பொறுப்பு அப்படியே இருக்கு, புதுசா வந்தவன் ஓனர் கண்ணுல விருந்தாளி. நிறைய அக்ரிமென்ட்ல ஓனர் எழுத்துல சம்மதிக்காம வேற ஆளை வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்க. ஓனருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு 'ஓகே'ன்னு ஒரு பதில் வாங்குறது குறைஞ்சபட்சம், பழைய பேப்பர்லயே பின்பக்கம் ரெண்டு வரி எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டா நல்லது.

அட்வான்ஸை புதுசா வந்தவன் நேரா பழையவனுக்கு கொடுக்குறது வழக்கம். அப்போ சுவர்ல ஏற்கனவே இருக்குற ஓட்டை, உடைஞ்ச கீஸர் எல்லாம் யார் கணக்குன்னு பேசிக்குங்க, இல்லைன்னா புதுசா வந்தவன் யாரோ உடைச்சதுக்கு காசு கொடுப்பான்.

ஓனரே அவனை 'பரவால்லப்பா, நீ போ, உன் பாக்கி வேண்டாம்'னு விட்டுட்டாரு. அப்போ அவன் பங்கு குறையணும் இல்ல?

குறையாது, இதுதான் நிறைய பேருக்கு அதிர்ச்சி. அதே ஒப்பந்தச் சட்டம், 44-வது பிரிவு: கூட்டா வாக்கு கொடுத்தவங்கள்ல ஒருத்தரை விடுவிச்சா மத்தவங்க விடுதலை ஆக மாட்டாங்க. ஆனா அதே பிரிவுல இன்னொரு பாதி இருக்கு, விடுவிக்கப்பட்டவனும் மத்த கூட்டாளிகளுக்கு தர வேண்டிய பொறுப்புல இருந்து தப்பிக்க மாட்டான். ஓனர் அவனை மன்னிச்சது ஓனரோட தாராளம், உங்ககிட்ட அவன் இன்னும் கடன்காரன்தான்.

நாங்க எல்லாரும் ஒருத்தன்கிட்ட பணம் கொடுத்தோம், அவன்தான் ஓனருக்கு அனுப்பணும். மூணு மாசமா அனுப்பவே இல்லைன்னு இப்பதான் தெரியுது.

இது நான் கேள்விப்பட்டதுல ரொம்ப மோசமான வகை, குறையாம வர்றதும் இதுதான். பணம் வாங்கினவன் உங்க ஆளு, ஓனரோட ஆளு இல்ல, அதனால நீங்க அவன்கிட்ட கொடுத்தது ஓனருக்கு கொடுத்த மாதிரி ஆகாது. ஓனர் திரும்ப கேக்கலாம். நீங்க அவன் மேல போகலாம், வாடகைக்குன்னு வாங்கிட்டு வேற எதுக்கோ செலவு பண்ணியிருந்தா அது வெறும் கடன் விஷயமா மட்டும் இருக்காது, நம்பிக்கை மோசடின்னு போலீஸ் பக்கமும் போகலாம். ஆனா ஃப்ரெண்டு மேல புகார் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்.

தடுக்குறது சுலபம். நாலு பேரும் நேரா ஓனர் யூபிஐக்கு அனுப்புங்க, நோட்ல மாசமும் வீடும் போடுங்க. ஓனர் 'ஒரே ஆள் அனுப்புங்கப்பா, கணக்கு குழம்புது'ன்னு சொன்னா, அனுப்பினவன் ஸ்கிரீன்ஷாட்டை அஞ்சாம் தேதிக்குள்ள குரூப்ல போடணும்னு வையுங்க. அஞ்சாம் தேதி ஸ்கிரீன்ஷாட் வரலைன்னா ஆறாம் தேதி நீங்களே ஓனருக்கு போன் போடுங்க, வெக்கப்படாதீங்க.

கடைசி ரெண்டு மாசம் கட்டாம அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லலாமா?

ஓனர் சம்மதிச்சா பண்ணலாம், பல பேர் அப்படித்தான் முடிக்குறாங்க. சம்மதிக்காட்டி அது பாக்கிதான். அட்வான்ஸ் வாடகைக்கு மட்டும் இல்ல, சேதத்துக்கும் சேர்த்து. நாலு பேர்ல ரெண்டு பேர் கழிச்சுக்கலாம்னு சொல்லி, ரெண்டு பேர் ஒழுங்கா கட்டினா வர்ற குழப்பம் இருக்கே, கடைசியில ஒழுங்கா கட்டினவன் அட்வான்ஸ்ல இருந்து மத்தவன் பாக்கி போகும். எது பண்ணாலும் நாலு பேரும் ஒரே மாதிரி பண்ணுங்க.

பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிக்குறது சட்டமா?

பெங்களூர் வழக்கம். அக்ரிமென்ட்ல எழுதியிருந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம், எழுதலைன்னா கேள்வி கேக்கலாம். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேரம் பேச வேண்டிய இடம் இது, சாவி கொடுக்குற அன்னைக்கு இல்ல.

லாக்-இன் (அதுக்குள்ள காலி பண்ணக் கூடாதுன்ற காலம்) ஆறு மாசம், நாங்க மூணாவது மாசமே எல்லாரும் கிளம்புறோம். மீதி மூணு மாச வாடகை முழுசா கொடுக்கணுமா?

பேப்பர் அப்படி சொல்லும். ஆனா ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மீறினா இவ்வளவுன்னு தொகை எழுதியிருந்தாலும் அதுக்கு மேல போகாம நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அடுத்த மாசமே வேற ஆளை குடி வெச்சுட்டா ஒரே வீட்டுக்கு ரெண்டு பேர்கிட்ட வாடகை கேக்குறது நிக்காது. நடைமுறையில அட்வான்ஸ் அவர் கையில, வாதம் உங்க கையில, அதனால பாதிக்கு பேசி முடிக்குறதுதான் அதிகம்.

எனக்கு 17 வயசு, முதல் வருஷம். என் கையெழுத்து செல்லுமா? அப்பா மாட்டுவாரா?

18 முடியாதவங்க போடுற ஒப்பந்தம் செல்லாது, 1903-லேயே மோஹரி பீபி வழக்குல, அப்போ நமக்கு மேல்முறையீட்டு கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன விஷயம். உடனே துள்ளாதீங்க. உங்க கூட கையெழுத்து போட்ட 18 தாண்டினவங்க முழுசுக்கும் பொறுப்பு, உங்க பங்கும் சேர்த்து. அதனால சீனியர்ஸ் கவனிக்க வேண்டிய விஷயம் இது, ஜூனியரை சேர்க்குறப்போ அவனோட அப்பாவையோ அம்மாவையோ கையெழுத்து போட வையுங்க.

அப்பாவை பொறுத்தவரை, அவர் எதுலயும் கையெழுத்து போடாட்டி, பையன் கடனுக்கு அவர் பொறுப்பு கிடையாது. ஓனர் ஊருக்கு போன் போட்டு மிரட்டினாலும் அவ்வளவுதான். ஆனா ஜாமீனா கையெழுத்து போட்டிருந்தா கதை வேற, ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி ஜாமீன்தாரரோட பொறுப்பு கடன்காரனோட பொறுப்புக்கு சமம். அதுல ஒரு வலை இருக்கு, ஜாமீன் பேப்பர்ல 'என் மகன் பங்குக்கு'ன்னு இல்லாம 'குத்தகைதாரர்கள் தர வேண்டிய எல்லாத்துக்கும்'னு இருந்தா, உங்க அப்பா யாருன்னே தெரியாத மூணு பசங்க வாடகைக்கும் ஜாமீன். தஞ்சாவூர்ல இருந்து வந்த ஒரு அப்பா இதை எங்க ஆபீஸ்ல உக்காந்து படிச்சுட்டு கண்ணாடியை கழட்டி துடைச்சுட்டு திரும்ப படிச்சாரு.

வாடகை பாக்கிக்கு போலீஸ்ல பிடிச்சு கொடுத்துடுவேன்னு சொல்றாரு. நடக்குமா?

வாடகை கட்டாதது சிவில் விஷயம், அதுக்காக மட்டும் கிரிமினல் கேஸ் நிக்காதுன்னு 2022 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. ஆனா ஒரே ஒரு கதவு திறந்திருக்கு, செக். வாடகைக்கு செக் கொடுத்து அது பவுன்ஸ் ஆச்சுன்னா 138-வது பிரிவு, மாற்றுமுறை ஆவணச் சட்டம். பேங்க்ல இருந்து திரும்பின தகவல் வந்த 30 நாளைக்குள்ள ஓனர் நோட்டீஸ் அனுப்பணும், கைக்கு வந்து 15 நாளைக்குள்ள நீங்க கட்டிட்டா பிரச்சனை முடிஞ்சது, கட்டலைன்னா கேஸ், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலோ செக் தொகைக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதமோ, ரெண்டும் சேர்ந்தோ வரலாம். இங்க கூட்டுப் பொறுப்பெல்லாம் கிடையாது, செக்ல எவன் கையெழுத்து போட்டானோ அவன்தான் கூண்டுல நிப்பான். நாலு பேர் வாடகைக்கு நான் என் செக்புக்ல 11 செக் கொடுக்குறேன்னு முன்னாடி போய் நிக்காதீங்க, வெத்து செக்கும் வேண்டவே வேண்டாம்.

பூட்டு மாத்தி வெளிய தள்ளுறதும் அவரால முடியாது. கோர்ட் வழியில்லாம வெளியேத்தினா, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-வது பிரிவுப்படி ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டு திரும்ப உள்ள போகலாம். அன்னைக்கு ராத்திரிக்கு போலீஸ் அவசர நம்பர் 112.

போன ரூம்மேட்கிட்ட இருந்து பணத்தை எப்படி வாங்குறது?

முதல்ல நீங்க கட்டியிருக்கணும், அதுக்கு ஆதாரம் இருக்கணும். உங்க பங்குக்கு மேல கட்டினதுக்குத்தான் அவன்கிட்ட கேக்க முடியும். யூபிஐ ஹிஸ்டரி, ஓனர் கொடுத்த ரசீது, வாட்ஸ்அப் சாட் எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்க, போனை மாத்துறதுக்கு முன்னாடி. 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்குற புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய சட்டம்) 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழோட மின்னணு ஆதாரம் செல்லும், ஆனா டெலீட் ஆன சாட்டுக்கு சான்றிதழ் கொடுக்க முடியாது.

அப்புறம் ஒரு தெளிவான மெசேஜ்: எந்த மாசம், எவ்வளவு, என்ன தேதிக்குள்ள. திட்டு வேண்டாம், அந்த மெசேஜை நாளைக்கு ஒரு ஜட்ஜ் படிக்கப் போறாருன்னு நினைச்சு எழுதுங்க. பதில் இல்லைன்னா வக்கீல் நோட்டீஸ். மூணு வருஷம் டைம் இருக்கு, ஓனர் வாடகை பாக்கிக்கு கேஸ் போடவும் பாக்கி விழுந்த நாள்ல இருந்து மூணு வருஷம்தான்.

உண்மையைச் சொல்லணும்னா 30,000 ரூபாய்க்கு முழு சிவில் கேஸ் நடத்துறது கொசுவுக்கு பீரங்கி. அதுக்கு பதிலா சட்டப் பணிகள் ஆணையத்துல லோக் அதாலத்துக்கு மனு கொடுக்கலாம், கேஸ் போடுறதுக்கு முன்னாடியே எடுத்துக்குவாங்க, கோர்ட் ஃபீஸ் இல்ல, அங்க முடிவானது கோர்ட் டிக்ரி மாதிரியே செல்லும். ஒரே குறை, ரெண்டு பேரும் ஒத்துக்கணும், வரவே மாட்டேன்றவனை அவங்க இழுத்துட்டு வர முடியாது. 15100 நம்பருக்கு போன் பண்ணா வழி சொல்வாங்க. பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி பிரிவினருக்கும் வருமான வரம்பு பாக்காமலே இலவச வக்கீல் கிடைக்கும், இது நிறைய பொண்ணுங்களுக்கு தெரியறதே இல்ல.

அவன்கிட்ட நிஜமாவே காசு இல்ல, வீட்டுல நிலைமை மோசம். அந்த ஓட்டையை யார் அடைக்குறது?

மிச்ச பேர் சமமா. இதுக்கும் 43-வது பிரிவுலயே உதாரணம் இருக்கு, மூணு பேர் 3,000 தரணும், ஒருத்தரால ஒண்ணுமே முடியல, ஒருத்தர் முழுசா கட்டிட்டாரு, அவர் மூணாமவர்கிட்ட 1,500 வாங்கிக்கலாம். ஆயிரம்தான் என் பங்குன்னு அவர் சொல்ல முடியாது.

11 மாசம் முடிஞ்சு போச்சு, புதுசா எழுதவே இல்ல, அப்படியே இருக்கோம். பொறுப்பும் முடிஞ்சதா?

ஓனர் வாடகை வாங்கிட்டே இருந்தா மாசா மாசம் குடியிருக்குறதா ஓடும், சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ்ல ரெண்டு பக்கமும் முடிச்சுக்கலாம். ஏன் 11 மாசம்னு கேப்பீங்க, ஒரு வருஷத்துக்கு மேல போனா பதிவு கட்டாயம், அந்த செலவை தவிர்க்கத்தான். இந்த காலத்துல கிளம்புறவங்க நான் இன்ன தேதியோட காலி பண்றேன்னு ஓனருக்கு எழுத்துல சொல்லி, சாவி கொடுத்ததுக்கு ஒரு மெசேஜாவது வாங்கிக்குங்க. இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு உங்க பேரையும் சேர்த்து பாக்கி லிஸ்ட் வரும்.

வாடகைச் சட்டம்னு ஒண்ணு இருக்கே, அது நம்மளை காப்பாத்தாதா?

கர்நாடக வாடகைச் சட்டம் 1999, பெங்களூர்ல மாசம் 3,500-க்கு மேல வாடகை இருக்குற வீட்டுக்கு பொருந்தாது. இன்னைக்கு 3,500-க்கு பைக் நிறுத்த இடம் கிடைச்சா பெருசு. வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் கூடாதுன்னு 2021-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்துல இருக்கே அண்ணான்னு சிலர் வருவாங்க, அது பேருக்கு ஏத்த மாதிரி மாதிரிச் சட்டம்தான், மாநிலம் தன் சட்டமா கொண்டு வந்தாத்தான் உயிர் வரும். அதனால உங்களுக்கு சட்டம்னா பெரும்பாலும் நீங்க கையெழுத்து போட்ட அந்த மூணு பக்கம்தான்.

சரி, எங்களுக்குள்ள என்ன எழுதி வெச்சுக்கணும்?

ஒரு பக்கம் போதும். யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டாங்க, மாசம் யாருக்கு எவ்வளவு, எந்த தேதிக்குள்ள. பெரிய ரூம், அட்டாச்டு பாத்ரூம் எடுத்தவன் கூட கொடுக்குறான்னா அது தொகையா இருக்கணும், இல்லைன்னா சமம்னு ஆகிடும். நடுவுல கிளம்புறவன் எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், மாத்து ஆளை தேடுறது யார் வேலை, ஆள் கிடைக்கிற வரைக்கும் அவன் பங்கை அவனே கட்டணுமா. அட்வான்ஸ் திரும்ப வந்தா எவன் பாக்கி வெச்சானோ அவன் பங்குல இருந்துதான் முதல்ல கழியணும், இந்த ஒரு வரி இருந்திருந்தா என் 12,000-ல என் பங்கு தப்பிச்சிருக்கும். கரண்ட், தண்ணி டேங்கர், வைஃபை பில் எவன் பேர்ல இருந்தாலும் எப்படி பிரிக்குறதுன்னும் போடுங்க. கர்நாடக அரசோட க்ருஹ ஜோதி ஃப்ரீ கரண்ட்டுக்கு யாராவது ஆதார் லிங்க் பண்ணியிருந்தா காலி பண்றப்போ அதை எடுக்கணும், மறந்துடுவாங்க.

இந்த பேப்பர் ஓனரை கட்டுப்படுத்தாது, அவர் இன்னும் யாரை வேணா கேக்கலாம். உங்களுக்குள்ள கணக்கு தீர்க்கத்தான் இது.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எழுதி வாங்கினா தப்பா நினைக்க மாட்டாங்களா?

அட்வான்ஸ் கொடுக்குற அன்னைக்கு கேட்டா யாரும் நினைக்க மாட்டாங்க, எல்லாரும் சந்தோஷமா இருக்குற நாள் அது. மார்ச் மாசம் ஒருத்தன் பாக்கி வெச்சதுக்கு அப்புறம் கேட்டாத்தான் முகம் மாறும்.

தமிழ்ல எழுதினா செல்லுமா?

செல்லும். ஒப்பந்தத்துக்கு மொழி கிடையாது. கூட ஒரு கன்னடப் பையனோ மலையாளிப் பொண்ணோ இருந்தா எல்லாருக்கும் புரியுற மொழியில எழுதுங்க, நாலு பேரும் கையெழுத்து போட்டு தேதி போட்டு ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.